நாலு நிமிஷ தூரம்

— என்னைக் கட்டிப்பிடிக்கத்தான் நிக்கிறியோன்னு நெனச்சேன், பாண்டி. ரேஸ் முடியுற கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்படியே என்னையே பாத்துக்கிட்டு நின்னியேடி.

— கட்டிப் புடிக்கவா? ஒன்னையவா? நல்லாருக்கே கதை. ஒனக்கு மூச்சு எப்பிடி வாங்குதுன்னு கிட்டத்துல பாக்கணும்னு நின்னேன், ரோகிணி. பாத்துட்டேன். இந்தா, இந்த பெஞ்சுல ஒக்காரு. மொதல்ல கால்ல இருக்குற சக்கர ஸ்கீயக் கழட்டு. சக்கரத்தோட ஒக்காந்தா உருண்டு நடுரோட்டுக்குப் போயிருவ.

— உக்கார வேணாம். நான் போகணும். அப்பா தேடுவார்.

— ஒங்கப்பாவுக்கு என்ன, ஸ்கீ சங்கத்துச் செயலாளரு. மைக்குக்குப் பக்கத்துல சேரப் போட்டு ஒக்காந்திருக்காரு. பெருமாள்மலையில இருந்து இந்தச் செண்பகனூர் வரைக்கும் ரோட்ட மறிச்சு, போலீச நிறுத்தி, டூரிஸ்ட் வண்டியெல்லாம் கீழயே நிப்பாட்டி வச்சிருக்காரு. மகளுக்காக எம்புட்டுச் சோலி பாத்திருக்காரு, பாவம். அண்ணே, ரெண்டு டீ போடுங்க. ஒண்ணுல சீனி தூக்கலாப் போடுங்க. இந்தப் புள்ள தோத்துட்டு வந்திருக்கு.

— எனக்கு டீ வேணாம். லிசன், பாண்டி. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நேத்து ஈவினிங்ல இருந்து ட்ரை பண்றேன்.

— தெரியும். ஏழெட்டுத் தடவ கூப்பிட்ட. எவளும் கூப்பிட வேணாம்னு போனையே அமத்திப் போட்டுட்டு, அட்டுவம்பட்டியில எங்க சித்தி வீட்டுல ரெண்டு கம்பளியப் போத்திக்கிட்டுத் தூங்குனேன். அப்பிடியொரு தூக்கம்.

— காலையில ஸ்டார்ட்டிங்லயும் உன்கிட்ட வந்தேனே.

— வந்த. கையப் புடிச்ச. நான் பாட்டு கேக்குறதுக்கு மாட்டியிருந்தேன் காதுல, ஆனா ஒன் வாயி என்ன சொல்லுதுன்னு பாத்தாலே தெரியாதா எனக்கு? மெதுவாப் போ பாண்டி, மெதுவாப் போன்னு கெஞ்சுன. அங்கன வச்சே எனக்கு வயிறு நெறஞ்சுபோச்சு.

— ஆமா. மெதுவாப் போன்னுதான் சொன்னேன். ஏன்னு கேட்டியா?

— ஏன்னு கேக்கணுமாக்கும். நாஞ் சொல்றேன், சரியான்னு பாரு. இந்த ஓட்டத்துல மொதல்ல வர்றவளுக்கும் நமக்கும் எம்புட்டு நேர வித்தியாசமோ, அதுதான் நம்ம புள்ளி. மொத ஆளுக்கு நாலு நிமிஷத்துக்குள்ள வந்தா உலகப் போட்டிக்குப் பேரு போகும். அதத் தாண்டிட்டா ரெண்டாவதா வந்தாலும் வீடுதான். மொதல்ல போறவ கொஞ்சம் சோம்பலாப் போனா பின்னாடி வர்ற எல்லாருக்கும் நல்லது. அவ பேயாட்டம் போனா எல்லாரும் காலி. சரியா?

— சரிதான்.

— எனக்கு அந்தக் கவலையே இல்ல. நான் போன சீசன்லயே குல்மார்க் போயி, இப்பிடி ரோட்டுல சக்கரத்துல இல்ல, நெசப் பனியிலயே ஓடிப் புள்ளி வாங்கிட்டேன். சுவீடனுக்கு எம் பேரு போயாச்சு. இன்னைக்கு நான் ஓடவே வேண்டியதில்ல. வீட்டுல ஒக்காந்து பூண்டு உரிச்சிருக்கலாம். அப்ப எதுக்கு ஓடுனேன்? நீ சொல்லு.

— என்னைத் தள்ளி விடத்தான்.

— ஆங். ஒன்னைய நாலு நிமிஷத்துக்கு அப்பால தள்ளத்தான். ஜெயிக்கிறது எனக்குப் பெருசில்ல, கேட்டுக்க. ஒனக்கு எட்டாத தூரத்துல ஜெயிக்கணும். ஒரு வருஷமா இதே நெனப்புதான். தெனமும் வெள்ளனே எந்திரிச்சு, மன்னவனூர்ல இருந்து மேல வரைக்கும் அந்த ஏத்தத்துல ஏறுவேன். ரோட்டுல கம்ப ஊனும்போதெல்லாம் ஒம் பேரச் சொல்லிச் சொல்லித்தான் ஊனுவேன். எங்க ஊரு ஆளுக முருகன் பேரச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டாக.

— நீ இன்னைக்குப் போனது மாதிரி நான் யாரையும் பாத்ததில்ல. சீரியஸ்லி. ஒவ்வொருத்தரா விட்டப்ப நீ எனக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண. மூணாவது வளைவுல மேல நிமிந்து பாத்தேன், நீ ரெண்டு வளைவு தாண்டி மஞ்சுக்குள்ள போயிட்ட. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

— மைக்குல சொன்னானே, கேட்டியா? நாலு நிமிஷத்தத் தாண்டி மூச்சு விடுற நேரந்தான் நீ. இன்னுங் கொஞ்சம் வெரசா வந்திருந்தா தப்பிச்சிருப்ப. அந்தக் கொஞ்சத்துலதான் இருக்கு எனக்குச் சந்தோசம். ரொம்பத் தூரத்துல தோத்தா மனசு ஆறிரும். இது ஆறாது. படுத்தா எந்திரிச்சா நெனப்பு வரும்.

— ரெண்டு வருஷம் ஆச்சு, பாண்டி. இன்னுமா?

— ரெண்டு வருஷம் ஆனா ஆறிரும்னு ஒனக்கு எவ சொன்னா? அந்தத் தடவ நார்வேயில நடந்த உலகப் போட்டிக்கு நாட்டுக்கே ஒரே சீட்டு. அத வாங்குனது யாரு?

— நீதான். ஆனா சீட்டு நாட்டுக்குத்தான் குடுப்பாங்க, ஆளுக்கு இல்ல. யாரை அனுப்பணும்னு சங்கம் முடிவு பண்ணும். அது ரூல்.

— ரூலு. பஸ்ஸு பின்னாடி ஓடிப் போயி, சன்னல் வழியாத் துண்டப் போட்டது நானு. ஏறி ஒக்காந்தது நீயி. கேட்டா ரூலுங்குற.

— நீ கேம்புக்கு வரல. வராதவங்களை எப்படி அனுப்புவாங்க?

— ஏன் வரல? சொல்லு. ஒனக்குத் தெரியாதா ஏன் வரலைன்னு? பூண்டு புடுங்குற வாரம். அப்பாவுக்குக் கால்ல அடி. ஆளு கெடைக்கல, மழை வேற வரும்போல இருந்துச்சு. அப்பல்லாம் எங்க மேல்மலையில சிக்னல் சரியா எடுக்காது. வளைவு வரைக்கும் நடந்து வந்து ஒனக்குத்தான் போன் போட்டேன். நாலு நாள் கழிச்சு வந்துர்றேன், கோச் சார்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிரு ரோகிணின்னேன். சொல்லிடுறேன், நீ கவலப்படாதன்ன. சொன்னியா?

— பாண்டி, அதை இப்ப எதுக்கு—

— சொன்னியா?

— சொல்லல.

— டீ ஆத்துற அண்ணனுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு.

— சொல்லல. போதுமா? போன் வந்தப்ப அப்பா பக்கத்துல இருந்தார். யாருன்னு கேட்டார். ஒண்ணுமில்லன்னு வச்சுட்டேன். அவ்வளவுதான். அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் லிஸ்ட்ல என் பேர் வந்துடுச்சு. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?

— எப்பிடியா? வாயால சொல்றது. நான் நாலாம் நாளு பையத் தூக்கிக்கிட்டு வந்து எறங்குனா, எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்குறாக. ஒழுங்கு இல்லாத புள்ளையாம் நானு. திமிரு புடிச்சவளாம். நீ அங்கனதான நின்ன, புது டிராக் சூட்டப் போட்டுக்கிட்டு. என்னையப் பாத்துச் சிரிச்ச பாரு ஒரு சிரிப்பு.

— அது சிரிப்பில்ல. எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல.

— பெருமாள்மலை முக்குல எங்க ஊரு ஆளுக எனக்குப் பிளெக்ஸ் வச்சிருந்தாக, தெரியுமில்ல? பனியில நிக்கிற மாதிரி எம் படத்தப் போட்டு, நார்வே செல்லும் எங்கள் மண்ணின் மகளேன்னு. நான் போகலைன்னு ஆனதும் அதக் கழட்டிக் கொண்டாந்துட்டாக. நல்ல கெட்டி ஷீட்டு, வீணாக்குவாகளா? எங்க பெரியப்பா மாட்டுக் கொட்டாய்க்குக் கூரையாப் போட்டாரு. இன்னும் அங்கனதான் கெடக்கு. மழ பேஞ்சா எம் மூஞ்சி மேலதான் பேயும். நார்வேக்காரி வர்றா, நார்வேக்காரி வர்றான்னு ஊருக்குள்ள பேரு வேற. கடையில சோப்பு வாங்கப் போனாக்கூட, நார்வே சோப்பா வேணும்னு கேப்பான். சிரிக்கிறியா?

— இல்ல. சிரிக்கல.

— சிரிச்சுக்க. எனக்கே சில நாளு சிரிப்பு வரும். அப்புறம் ராவெல்லாம் தூங்க மாட்டேன்.

— நான் மட்டும் அங்க போய் சந்தோஷமா இருந்தேன்னு நெனக்கிறியா? கடைசியா வந்தேன். அந்த மொத்தக் கூட்டத்துலயும் கடைசி. பெஞ்செல்லாம் மடிச்சு எடுத்துக்கிட்டிருக்காங்க, நான் அப்பத்தான் வர்றேன். ஜெயிச்ச பொண்ணு எனக்காகக் குளிர்ல நின்னா. அது அவங்க பழக்கம், மொதல்ல வந்தவங்க கடைசியா வர்றவங்களுக்காக நிப்பாங்க. அவ என்னைக் கட்டிப்பிடிச்சா, எல்லாரும் கைதட்டுனாங்க. எனக்கு அப்படியே பனிக்குள்ள புதைஞ்சு போயிடலாம்னு இருந்துச்சு.

— பாத்தேன். களத்துல பூண்டப் பரப்பிப் போட்டுட்டு, எங்கயோ மூலையில நின்னு சிக்னலப் புடிச்சு, போன்ல பாத்தேன். அந்தப் பொண்ணு ஒன்னையக் கட்டிப் புடிச்சா. ஒனக்கு அது அசிங்கமாக்கும். அது எனக்கு விழ வேண்டிய கைதட்டு, ரோகிணி. நானும் கடைசியாத்தான் வந்திருப்பேன். ஆனா அது என்னோட கடைசி. அதையும் நீ எடுத்துக்கிட்ட.

— அதனாலதான் இன்னைக்கு எனக்காக நின்னியா? அந்தப் பொண்ணு மாதிரி?

— அதே மாதிரிதான். பழக்கத்த மாத்தக் கூடாதில்ல. நீ வந்து விழுந்ததும் குனிஞ்சு ஒன் மூஞ்சியப் பாத்தேன். கட்டிப் புடிக்க மாட்டேன்னு அப்பத்தான ஒனக்குத் தெரிஞ்சுச்சு? அந்த நேரத்துல ஒன் மூஞ்சி இருந்த இருப்புக்காக நான் இன்னும் பத்து வருஷம் ஏத்தம் ஏறுவேன்.

— நீ ரொம்ப மாறிட்ட, பாண்டி.

— நான் மாறல. நீ மாத்துன. டீயக் குடி, ஆறுது.

— எனக்கு முட்டியில ஆபரேஷன் ஆச்சு. உனக்குத் தெரியும். டாக்டர் இந்த சீசனோட போதும்னுட்டார். அப்பா இதுக்கு மேல நம்ம ரிசார்ட்டப் பாருங்குறார். ஒரே ஒரு தடவை மறுபடியும் போகணும்னு இருந்தேன். ஜெயிக்கணும்னு இல்ல. எனக்குப் பின்னாடி ஒரு ஆளாவது வரணும், அவ்ளோதான்.

— இனிமே போக முடியாது.

— முடியாது.

— கேக்கவே நல்லாருக்கு. இன்னொரு தடவ சொல்லு.

— நீ சந்தோஷப்பட்டுக்க. உனக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா நான் சொல்ல வந்தது வேற. கொஞ்சம் என்னைப் பேச விடுறியா? ஜோதிமணி எப்படி இருக்கா?

— எந்தங்கச்சி பேச்ச நீ எடுக்காத.

— சும்மாதான் கேட்டேன்.

— எதுக்குச் சும்மா கேக்குற? அவ நல்லாத்தான் இருக்கா. ஸ்கூல் பி.டி. சாரோட வேன்ல காலையில மேல்மலையில இருந்து வந்திருப்பா. பத்து மணிக்கு சின்னப் புள்ளைக ஓட்டம் இருக்குல்ல, அதுக்கு. இந்த டீயக் குடிச்சுட்டு நான் கீழ எறங்கணும், அவ சக்கரத்தப் பாத்து, கம்பு உயரத்தப் பாத்து, தலையப் பின்னி விடணும். நான் பின்னி விட்டாத்தான் அவளுக்கு ஓட வரும்.

— அவ உன்னை விட நல்லா வருவான்னு கோச் சார் சொல்றார்.

— வருவா. என்னைய மாதிரி முரட்டுத்தனம் கெடையாது அவளுக்கு. கால எடுத்து வச்சா சத்தமே வராது. சின்னவங்கள்ல ஓடுறதுக்கு இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம். இன்னைக்கு புள்ளி வாங்கிட்டா ஜூனியர் உலகப் போட்டிக்குப் போவா. வாங்கலைன்னா, எங்கப்பா சொல்லிட்டாரு, ஒரு நார்வேக்காரி போதும் வீட்டுக்குன்னு. வேடசந்தூர் மில்லு வேன் ஊருக்குள்ள வருது, புள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போறதுக்கு. அடுத்த வாரம் இவளையும் ஏத்தி விட்டுருவாரு. பஞ்சு தூசிக்குள்ள நின்னா அந்த நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? இந்த மலையில அவ மாதிரி மூச்சுப் புடிக்கிற புள்ள கெடையாது.

— அப்படின்னா அவளுக்கு இன்னைக்குத்தான் எல்லாமே.

— அவளுக்கு என்ன கவல. சின்னவங்கள்ல அவ கிட்டக்க வர ஆளே கெடையாது. அவதான் மொத ஆளு. மொத ஆளுக்கு யாரு நாலு நிமிஷம் பாக்குறது? நீ எதுக்கு இம்புட்டு அக்கறையா கேக்குற? அவளுக்கும் ஏதாச்சும் பண்ணி வச்சிருக்கியா?

— நான் எதுவும் பண்ணல. நேத்து சாயங்காலம் மீட்டிங்குக்கு ஏன் வரல நீ?

— ஒங்கப்பா மூஞ்சியில முழிக்கவா? ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மொத நாளு எல்லாரையும் ஒக்கார வச்சு, எந்த வளைவுல தண்ணி இருக்கும், எங்க போலீசு நிக்கும்னு படிப்பாக. பொறந்ததுல இருந்து பூண்டு ஜீப்புல தொத்திக்கிட்டுப் போற ரோடு எனக்கு. ஒங்கப்பா சொல்லித்தான் தெரியணுமா?

— வேற விஷயமும் பேசுனாங்க.

— பேசிட்டுப் போறாக.

— அதைச் சொல்லத்தான் உனக்கு போன் பண்ணேன்.

— ஒனக்காகக் கெஞ்சத்தான் போன் பண்ண. பொய் பேசாத.

— எனக்காகவும்தான். இல்லன்னு சொல்லல. ஆனா எனக்காக மட்டும் இல்ல. நீ ஒரு தடவை போனை எடுத்திருந்தா போதும். காலையில காதுல இருந்து அதைக் கழட்டியிருந்தா போதும்.

— ஒன் வாயில இருந்து வர்ற எதையும் நான் நம்ப மாட்டேன், கேட்டுக்க. நம்பி ஒரு தடவ கெட்டது போதும். அழணும்னா அழு. ஒனக்கு அழுகை வரலியே, அது ஒண்ணுதான் எனக்குக் கொற. கொஞ்சம் அழேன், பாத்துட்டுப் போயிர்றேன். அவளுக்கு நேரமாகுது.

— இல்ல. அழ மாட்டேன். இவ்ளோ நேரம் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். நெஜமாவே பாவமா இருந்துச்சு. இப்ப இல்ல. இப்ப நான் சொல்ல மாட்டேன்.

— என்னத்தச் சொல்ல மாட்ட?

— நீ டீயைக் குடி. ஆறுது.

— ஏ, என்னத்தடி? புதுசா என்ன நாடகம் இது?

— நாடகம் இல்ல. அங்க பாரு, அந்த யூகலிப்டஸ் மரத்துக்குப் பக்கத்துல. ரெண்டு கையிலயும் ஸ்கீயைத் தூக்கிக்கிட்டு உன்னைத் தேடிக்கிட்டு வர்றா. அவளே சொல்லட்டும்.

— யாரு? ஏ ஜோதி. ஏ புள்ள, நீ இங்க மேல என்ன பண்ற? கீழ பெருமாள்மலையில இல்ல இருக்கணும் நீயி? பத்து மணிக்கு ஓட்டத்த வச்சுக்கிட்டு இப்பிடி வேர்த்து ஊத்துது. ஏறி வந்தியா? கிறுக்கி, காலு என்னத்துக்கு ஆகும்?

— யக்கா, இங்கயா இருக்க? ஒன்னையத் தேடி கோட்டுகிட்ட எல்லாம் பாத்தேன். கோட்டத் தாண்டுனதும் கண்ணு கட்டிருச்சுக்கா, கொஞ்ச நேரம் புல்லுலயே படுத்துக் கெடந்தேன். மைக்குல எம்புட்டு நேரம்னு சொன்னதக்கூடக் கேக்கல. ஒரு வாய் டீ குடேன்.

— எந்தக் கோட்டத் தாண்டுன? என்னடி சொல்ற?

— இந்தக் கோடுதான். ஒனக்குத் தெரியாதா? சின்னவங்கள்ல நாங்க மூணு பேருதான் வந்தோம், தனி ஓட்டம் நடத்த ஆளு பத்தலைன்னு நேத்து மீட்டிங்குல எங்களையும் ஒங்க ஓட்டத்துலயே சேத்துட்டாகளாம். எங்க வேன் வந்து சேரும்போது நீ கெளம்பிப் போயிட்ட, கடைசியா எங்களை விட்டாக. ராத்திரி ஒனக்கு எத்தன தடவ போன் அடிச்சேன் தெரியுமா, அமத்தியே கெடந்துச்சு.

— ஜோதி.

— தலையக்கூட நானே பின்னிக்கிட்டேன், பாரு, கோணலா இருக்கு. ஆனாலும் மூணாவது வந்துட்டேனாம்க்கா. ரோகிணியக்காவுக்கு அடுத்து நாந்தான். நேபாளத்துல இருந்து ஓட வந்த புள்ளைகளையெல்லாம் தாண்டிட்டேன். எங்களுக்கும் ஒரே கணக்குதானாம், மொத ஆளுக்கு நாலு நிமிஷத்துக்குள்ள வந்தா போதும்னு பி.டி. சார் சொன்னாரு.

— பாண்டி, சொல்லு அவகிட்ட. நீதான மொத ஆள்.

— நீ வாய மூடு ரோகிணி. ஜோதி, இங்க வாடி. ஒக்காரு. ஒக்காரு மொதல்ல.

— ஏன்க்கா என் சடைய அவுக்குற, ஓட்டந்தான் முடிஞ்சுருச்சே? மொத ஆளு நீதான்னு பி.டி. சார் சொன்னதுமே, எனக்குப் பயமே போச்சு. அப்பாகிட்டயும் போன்ல சொல்லிட்டேன், மில்லு வேன்காரன வர வேணாம்னு சொல்லிருங்கப்பான்னு. நான் பின்னாடி வர்றேன்னு தெரிஞ்சு, நீ எனக்காக மெதுவாத்தானக்கா போயிருப்ப?